படமும் பதிவேடும்

மேக் கம்ப்யூட்டரில் கமாண்ட், ஆப்ஷன் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி ஃபோட்டோஸைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும்: நூலகத்தைப் பழுதுபார்க்கவா? படம் காணோம், ஆல்பம் திறக்கவில்லை என்றதும் பதறிப்போய் அதில் 'ரிப்பேர்' கொடுத்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

பிக்சர்ஸ் ஃபோல்டரில் ஒற்றை ஃபைலாகத் தெரியும் அந்த நூலகம் உண்மையில் ஒரு பெரிய கிடங்கு. ரைட் கிளிக் செய்து 'ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்' கொடுத்தால் உள்ளே 'ஒரிஜினல்ஸ்' இருக்கும். அதற்குள் 0 முதல் 9, ஏ முதல் எஃப் என்று 16 ஃபோல்டர்கள். அக்கா கல்யாணம், பழனி மொட்டை என்றெல்லாம் அங்கே எழுதியிருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் எண்ணும் எழுத்தும் கோடுமாக 36 குறிகளில் ஒரு பெயர். எது எந்த ஆல்பம், யாருடைய முகம் என்ற விவரமெல்லாம் தனியாக ஒரு டேட்டாபேஸில். வேடிக்கை பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. ஒரு ஃபைலை வெளியே இழுத்தாலே கணக்கு உதைக்கும்.

ரிப்பேர் சரிசெய்வது அந்தக் கணக்கை மட்டும்தான். கெட்டுப்போன படத்தை அது பிழைக்க வைக்காது.

ஐகிளவுட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். டிஸ்க் நிரம்பக் கூடாதே என்று 'ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால், பல படங்களின் அசல் வீட்டில் இருக்காது. சிறிய பிரதிதான் இருக்கும். அதை எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்து வைத்து 'பேக்கப்' என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. மேகத்தில் இருக்கிறதே என்ற தைரியமும் எனக்குக் கிடையாது. சிங்க் என்பது கண்ணாடி. போனில் அழித்தால் கம்ப்யூட்டரிலும் போய்விடும். 'ரீசன்ட்லி டெலிட்டட்'டில் 30 நாள் தவணை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் செட்டிங்ஸில் 'டவுன்லோட் ஒரிஜினல்ஸ்' கொடுங்கள். இடம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் இறங்கியபின் ஃபோட்டோஸை மூடிவிட்டு நூலகத்தை வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். அதற்கப்புறம் ரிப்பேர். பெரிய நூலகம் என்றால் நேரம் இழுக்கும். கரண்ட் போகும் ஊரென்றால் யூபிஎஸ் இருக்கட்டும். முடிந்ததும் ஃபோட்டோஸ் ஐகிளவுடோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கும். பதறி நடுவில் நிறுத்தாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பாக 'ஹிடன்' ஆல்பத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து, செட்டிங்ஸில் நீங்கள் மாற்றாதவரை அது பூட்டியேதான் இருக்கும். பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும். படங்கள் அங்கே இருந்தால் ரிப்பேர் தேவையில்லை. ஒளித்து வைத்தது யார் என்ற விசாரணை உங்கள் வீட்டு விவகாரம்.