ரயில்வே சீருடை

2022 ஏப்ரலில் தேசிய சீனியர் கூடைப்பந்து இறுதி ஆட்டங்களைப் பார்க்க அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலேறி சென்னை நேரு உள்விளையாட்டரங்குக்குப் போயிருந்தேன். ஆண்கள் பிரிவில் நம் தமிழ்நாட்டு அணி பஞ்சாபை வென்றது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது பெண்கள் இறுதி ஆட்டமும், பக்கத்து இருக்கையில் இருந்த ஆவடிப் பள்ளி மாணவியும்தான். முழங்காலில் ஆறிய தழும்பு, மடியில் வழுவழுவென்று தேய்ந்த பந்து. ரயில்வே அணி கூடைமேல் கூடையாகப் போட, அவள் கை தட்டவே இல்லை. ஆட்டக்காரர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் கேட்டாள்: "ரயில்வேல வேலை கிடைக்கணும்னா எவ்ளோ உயரம் வேணும் சார்?" சென்னையில் பிறந்து, இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வே ஊழியர்தான். நம் ஊர்ப் பெண்கள் மாநிலத்துக்கு ஆடாமல், வேலை தந்த ரயில்வேயின் சீருடையில் ஆடுவதால் மாநில அணி மெலிகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முப்பது வயதுக்கு மேலும் ஒரு பெண் பந்தைத் தொட முடிகிறதென்றால், மாதச் சம்பளம்தான் காரணம். அந்தச் சம்பளத்தைத் தர வேறு யார் முன்வந்தார்கள்? திரும்பும்போதும் அதே பெட்டியில்தான் வந்தாள். நான் அம்பத்தூரில் இறங்கியபோது அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கை மட்டும் பந்தை விடவில்லை.