மூடி மறைக்கப்படும் மண்ணின் கணக்கு

பேரிடர் நேரும்போதெல்லாம், “வதந்திகளை நம்பாதீர்கள்” என்று ஆட்சியாளர்கள் மக்களுக்கு உபதேசிக்கின்றனர். நல்லது. ஆனால், நம்பத்தக்க தகவல்களைப் பூட்டி வைப்பது யார்?

2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட் நகரில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. 12 நாட்களில் அங்கு நிலம் 5.4 செ.மீ. தாழ்ந்ததை இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களுடன் வெளியிட்டது. உடனே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், ஊடகங்களிடம் பேசவோ தரவுகளைப் பகிரவோ கூடாது என ஆய்வு நிறுவனங்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டது. வெளியான அறிக்கையும் இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. எட்டு நிறுவனங்களின் ஆய்வுகள், உயர்நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பின்னர் செப்டம்பரில்தான் வெளிவந்தன. பழைய நிலச்சரிவுக் குவியலின் மீது நிற்கும் அந்நகரில் பெருங்கட்டுமானம் ஆபத்து என்று 1976இலேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. அதன் பிறகும் அடுக்குமாடிகள் எழும்பின. நீர்மின் திட்டத்திற்காக மலை குடையப்பட்டது. மறைத்ததால் மக்களின் பீதி தணியவில்லை. திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தோர் பதில் சொல்லாமல் தப்பினர்.

ஜோஷிமட் ஒரே நாளில் தலைப்புச் செய்தியானது. பாலையாதலோ ஓசையின்றி நிகழ்கிறது. இஸ்ரோ நிலவரைபடத் தொகுப்பின்படி, 2018-19இல் சீரழிந்த நிலம் 9.785 கோடி ஹெக்டேர். நாட்டின் பரப்பில் 29.77 விழுக்காடு. 2003-05இல் இது 9.453 கோடி. நீர் அரிப்பு, தாவரப் போர்வை அழிவு, காற்று அரிப்பு ஆகியவை முதன்மைக் காரணங்கள். 2030க்குள் 2.6 கோடி ஹெக்டேரை மீட்போம் என்று 2019இல் ஐ.நா. மாநாட்டு மேடையில் பிரதமர் முழங்கினார். அதில் தன் ஊர் உண்டா, இல்லையா என்பதை ராஜஸ்தானின் சிறு விவசாயி எந்த மொழியில், எந்த அலுவலகத்தில் அறிவார்?

மொழியும் இங்கே ஒரு பூட்டுதான். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. அட்டவணை மொழிகள் 22இலும் வெளியிடுமாறு டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது, அதை எதிர்த்து ஒன்றிய அரசு உச்சநீதிமன்றப் படியேறியது. மக்களிடம் கருத்துக் கேட்பார்களாம். ஆனால் மக்களின் மொழியில் கேட்க மாட்டார்களாம்!

தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே தகவல்களை வெளியிடக் கடமைப்படுத்துகிறது. உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. இச்சட்டக் கடமையை நிறைவேற்றவைப்பது வர்க்கப் போராட்டத்தின் பகுதியே. நிலச் சீரழிவுத் தரவுகள் ஊர்வாரியாக, மாநில மொழிகளில், கிராம சபைகளின் முன் வைக்கப்பட வேண்டும். விஞ்ஞானிகள் மீதான வாய்ப்பூட்டு ஆணைகளுக்கு முடிவு கட்ட வேண்டும். இக்கோரிக்கைகளை விவசாயிகள், தொழிலாளர்களிடையே கொண்டுசெல்வது கட்சி அணிகளின் உடனடிக் கடமை.