தமிழ் ஆய்வு மாணவர்களுக்கு நூலகத் தேடல் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்:
செயலவையினர்,
பினாங்கில் உயர்கல்வி பயிலும் தமிழ் மாணவர்கள், முன்னாள் மாணவர்களின் சங்கம்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
1. தலைமை நூலகர், ஹம்சா செண்டுட் நூலகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மிண்டன் வளாகம்.
2. இயக்குநர், பினாங்கு பொது நூலகக் கழகம்.
3. உயர்கல்விக்குப் பொறுப்பான மாநில ஆட்சிக்குழு உறுப்பினர்.

பொருள்: தமிழர் தொடர்பான ஆய்வை மேற்கொள்ளும் மாணவர்களுக்கு முறையான நூலகத் தேடல் பயிற்சியும், அதற்குத் துணையான பட்டியல் வசதிகளும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு இந்நாட்டுத் தமிழர் பற்றிய தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் பலர், ஓரிரு முறை தேடிவிட்டு, "இதைப் பற்றி யாரும் எழுதவில்லை" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை. எழுதியவை இருக்கின்றன, எந்தச் சொல்லை இட்டு, எந்த இடத்தில் தேடுவது என்பதுதான் தெரிவதில்லை. பொதுவான தரவுத்தளப் பயிற்சி ஆங்கிலக் கட்டுரைகளைக் கண்டெடுக்க உதவுகிறது. தமிழ் மூலங்களைத் தேடுவதற்குத் தனிப்பயிற்சி தேவைப்படுகிறது. அதைக் கேட்டே இம்மனுவை அளிக்கிறோம்.

பினாங்கு இதற்குப் பொருத்தமான இடம். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். சூலியா தெருவும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் நெடுங்கால வாழ்வுக்குச் சான்றுகள். ஜார்ஜ்டவுன் 2008-இல் உலக மரபுரிமைத் தலமான பிறகு இந்த வரலாற்றை ஆராய விரும்புவோர் பெருகியுள்ளனர்.

மாணவர்கள் எதிர்கொள்ளும் இடர்கள்

1. எழுத்துப்பெயர்ப்பு. உலகின் பல ஆய்வு நூலகங்கள் தமிழ் நூல்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் ரோமன் எழுத்தில் பதிவு செய்கின்றன. "சங்கம்" என்பதை நாம் எஸ், ஜி எழுத்துகளால் எழுதுவது வழக்கம். அம்முறையில் அதே சொல் சி, கே எழுத்துகளால் அமையும். ஆசிரியர் பெயரை அவரே ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதியிருப்பார். பட்டியலில் அது வேறுவிதமாக இருக்கும். இந்த விதியை அறியாத மாணவர், அடுத்த அடுக்கிலேயே இருக்கும் நூலை இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்.

2. காலத்துக்குக் காலம் மாறிய பெயர்கள். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களில் "தமிழர்" என்று மட்டும் தேடினால் கிடைப்பது சொற்பம். அவற்றில் "சூலியா", "மெட்ராஸ்" ஆகிய சொற்களும், இன்று இழிசொல்லாகக் கருதப்படும் "கிளிங்" என்ற சொல்லும் வழங்கின. நூலகப் பொருள் தலைப்புகளிலோ மலேசிய இந்தியர் பற்றிய நூல்கள் பல "ஈஸ்ட் இந்தியன்ஸ்" என்ற தலைப்பின் கீழ் நீண்டகாலம் வைக்கப்பட்டன. பழைய ஆவணத்தைத் தேட அக்காலத்துச் சொல் வேண்டும்.

3. சிதறிக் கிடக்கும் மூலங்கள். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன், 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு, 1887-இல் அங்கு தோன்றிய சிங்கை நேசன் ஆகியவை நம் சமூக வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். பின்னிரண்டையும் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்னிதழ்த் தொகுப்பில் காணலாம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தோன்றியது. 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டுக்குத் துணைநின்ற தனிநாயகம் அடிகள் பணியாற்றிய துறை அது. அங்குள்ள ஆய்வேடுகளும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இலங்கையரின் நூலகம் நிறுவனமும் நம் மாணவர்க்குப் பயன்படுபவை. இவற்றின் பெயர்களையே ஆய்வு முடிந்த பிறகுதான் பலர் கேள்விப்படுகிறார்கள்.

4. பழைய எழுத்துருக்கள். ஒருங்குறி பரவலாகும் முன் தட்டச்சிட்ட தமிழ் ஆய்வேடுகளை மின்கோப்பாகத் திறந்தால் திரையில் வாசிக்கலாம். சொல்லிட்டுத் தேட முடியாது.

5. போலி மேற்கோள்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், உலகில் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் கொடுத்துவிடும். ஒரு மேற்கோளை நூலகப் பட்டியலில் சரிபார்க்கும் பழக்கம் இல்லாத மாணவர் அதை அப்படியே ஆய்வேட்டில் சேர்த்துவிடுகிறார்.

எங்கள் கோரிக்கைகள்

அ. ஆய்வு முன்மொழிவு சமர்ப்பிப்பதற்கு முன்பே இரண்டு அமர்வுகள் கொண்ட பயிற்சி நடத்த வேண்டும். முதல் அமர்வில் எழுத்துப்பெயர்ப்பு விதி, பொருள் தலைப்பு, சொற்களை இணைத்தும் விலக்கியும் தேடும் முறை ஆகியவற்றைக் கற்பிக்கலாம். இரண்டாம் அமர்வில் ஒவ்வொருவரும் தம் சொந்தத் தலைப்பில் நூலகரின் துணையோடு தேடி, எந்தச் சொல்லுக்கு என்ன கிடைத்தது என்ற தேடல் குறிப்பைத் தயாரிக்க வேண்டும். அந்தக் குறிப்பை முன்மொழிவோடு இணைக்கும்படி துறைகளைக் கேட்டுக்கொண்டால் பயிற்சி வெறும் சடங்காகாது.

ஆ. தமிழ் நூல்களின் பட்டியல் பதிவில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் தமிழ் எழுத்திலும் இடம்பெற வேண்டும். மார்க் 21 பதிவமைப்பின் 880-ஆம் புலம் இதற்கென்றே உள்ளது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய இயலாது என்பதை அறிவோம். மலேசியாவில் வெளியான நூல்களிலிருந்து தொடங்கலாம்.

இ. பினாங்குத் தமிழர் ஆய்வுக்கான தேடல் கையேடு ஒன்றைத் தமிழிலும் மலாயிலும் வெளியிட வேண்டும். பழைய பெயர்கள், மாற்று எழுத்துக்கூட்டல்கள், மேலே சொன்ன தொகுப்புகளின் இருப்பிடம், அவற்றை அணுகும் முறை ஆகியவை அதில் இருத்தல் வேண்டும்.

ஈ. பல்கலைக்கழக நூலகங்களுக்கும் தேசிய நூலகத்துக்கும் இடையிலான நூல் இரவல் ஏற்பாட்டை இளங்கலை மாணவர் எப்படிப் பயன்படுத்தலாம், கட்டணம் உண்டா, எத்தனை நாள் ஆகும் என்பவற்றைத் தெளிவாக அறிவிக்க வேண்டும்.

உ. இனிச் சமர்ப்பிக்கப்படும் தமிழ் ஆய்வேடுகளை ஒருங்குறியில் பெற வேண்டும். சுருக்கம் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் மூன்று மொழியிலும் தேடுவோர் அதைக் கண்டடைவர்.

ஊ. கோயில் குடமுழுக்கு மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள் ஆகியவற்றைப் பொது நூலகக் கழகம் திரட்ட வேண்டும். நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டிருந்தும், இத்தகைய சிறு வெளியீடுகளை ஒப்படைக்க வேண்டும் என்பதே பல அமைப்புகளுக்குத் தெரியாது. ஒரு தோட்டப் பள்ளி மூடப்பட்டால் அதன் ஆசிரியர் பட்டியலும் நிழற்படங்களும் மிஞ்சியிருப்பது அந்த மலரில் மட்டுமே.

எ. எஸ்டிபிஎம் மாணவர்களும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் கலந்துகொள்ளும் வகையில், இதே பயிற்சியின் சுருக்க வடிவத்தைப் பொது நூலகத்தில் வார இறுதியில் நடத்த வேண்டும். இதற்கான செலவுக்கு மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டுகிறோம்.

எங்கள் பங்கு

கேட்பதோடு நாங்கள் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. நூலகர் தரும் பட்டியலைப் பார்த்துத் தமிழ்த் தலைப்புகளைத் தட்டச்சிட்டுத் தரத் தன்னார்வலர்களை அனுப்புவோம். சரிபார்த்து ஏற்கும் பொறுப்பு நூலகத்துக்கே உரியது. கோயில்களிடமும் பள்ளிகளிடமும் சென்று மலர்களைக் கேட்டு வாங்கித் தருவோம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவர்களுக்கு ஒரே தேடல் பணியைக் கொடுத்து, முன்னேற்றத்தை அளந்து அறிக்கை அளிப்போம். பயனில்லை என்று அந்த அறிக்கை காட்டினால் திட்டத்தை மாற்றியமைக்க முதலில் முன்வருபவர்களும் நாங்களாகவே இருப்போம்.

இவற்றுள் அ, இ, ஈ ஆகிய மூன்றுக்கும் புதிய கட்டடமோ விலையுயர்ந்த மென்பொருளோ தேவையில்லை. ஆகவே அவற்றை அடுத்த கல்வித் தவணையிலேயே தொடங்கவும், மற்றவற்றுக்குக் கால அட்டவணை ஒன்றை வகுக்கவும் கேட்டுக்கொள்கிறோம். இது குறித்து நேரில் விளக்க, மனு கிடைத்த 30 நாள்களுக்குள் எங்கள் பேராளர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.



இப்படிக்கு,
தலைவர், செயலாளர்,
செயலவை உறுப்பினர்கள்.

நகல்: தமிழ், வரலாறு, சமூகவியல் பாடங்களின் ஆய்வு மேற்பார்வையாளர்கள், மாணவர் பேரவை.