எதனால் போனது வேலை?

2003 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கன்னாபொலிஸ் என்ற ஊரில் பில்லோடெக்ஸ் ஆலை மூடப்பட்டது. குளியல் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த ஆலை. ஊர்க்காரர்களுக்கு அதன் பழைய பெயரான கேனன் மில்ஸ்தான் பழக்கம். அந்த மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 4,800 பேருக்கு வேலை போனது. கம்பெனிக்குத் தலைக்குமேல் கடன் இருந்தது உண்மை. வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்திறங்கிய துண்டோடு விலையில் போட்டி போட முடியாததும் உண்மை. கரூரில் இதே சரக்கை நெய்து கப்பலேற்றுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தொழிலாளர்களுக்கு அரசு என்ன செய்தது? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். தன் தவறில்லாமல் வேலை போனவருக்கு அமெரிக்காவில் மாநில அரசு வழியாக வேலையிழப்புக் காப்பீட்டுத் தொகை கிடைக்கும். பொதுவாக 26 வாரம். ஆலை கடனில் மூழ்கியதா, சரக்கு விற்கவில்லையா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. கன்னாபொலிஸ்காரர்களுக்கு இதற்கு மேலும் ஓர் உதவி கிடைத்தது. 'டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்பது அதன் பெயர். டிஏஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். வெளிநாட்டு வர்த்தகத்தால் வேலை போனவருக்கு மட்டுமே அது கிடைத்தது.

அப்படி ஏன் தனியாக ஒரு திட்டம்? 1962-ல் ஜனாதிபதி கென்னடிக்கு இறக்குமதி வரிகளைக் குறைக்க அதிகாரம் தேவைப்பட்டது. தொழிற்சங்கங்களின் ஆதரவில்லாமல் சட்டம் நிறைவேறுவது கடினம். வரிக்குறைப்பால் நாட்டுக்கே லாபம் என்றால், அதனால் நஷ்டப்படுகிறவனுக்கு நாடு ஈடு கொடுக்கட்டும் என்ற பேரத்தில் பிறந்ததுதான் இது. ஆகவே இதைத் தர்மமாகப் பார்க்கக் கூடாது. கொடுத்த வாக்குக்குக் கட்ட வேண்டிய பாக்கி. ஆனால் பாக்கியை வசூலிக்க முடியாதபடி விதிகளை எழுதினார்கள். வேலை போனதற்கு இறக்குமதியே பெருங்காரணம், அந்த இறக்குமதிக்கு வரிக்குறைப்பே பெருங்காரணம் என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும். 1969 வரை ஒரு தொழிலாளர் மனுகூடத் தேறவில்லை. சங்கத்துக்காரர்கள் இதை 'ஈமச்சடங்கு இன்ஷூரன்ஸ்' என்று கிண்டலடித்ததில் ஆச்சரியமில்லை. 1974-ல்தான் விதி தளர்ந்தது.

மனுப் போடுவது கஷ்டமாக இருக்கவில்லை. வேலை போன மூன்று பேர் கையெழுத்திட்டால் போதுமானதாக இருந்தது. சங்கமோ கம்பெனியோகூடப் போட முடிந்தது. என்ன பொருள் செய்தீர்கள், எப்போது நிறுத்தினார்கள், வேலை எங்கே போனதாக நினைக்கிறீர்கள் என்று படிவம் கேட்கும். பிறகு தொழிலாளர் துறை அதிகாரி கம்பெனியிடம் கணக்குக் கேட்பார். தேவைப்பட்டால் அதன் வாடிக்கையாளர்களிடமும், இப்போது யாரிடம் வாங்குகிறீர்கள் என்று விசாரிப்பார். அவர் சான்று தந்தால் அந்த ஆலையில் வேலை போன எல்லாருக்கும் வழி திறக்கும். பக்கத்து ஆலையில் புது இயந்திரம் வந்து வேலை இழந்தவருக்கு இது கிடைக்கவில்லை. அவர் வீட்டிலும் அதே வாடகைதான், அதே கடைப் பாக்கிதான்.

சான்று கிடைத்தவருக்கு என்ன கிடைத்தது? புதுத் தொழில் படிக்கக் கட்டணம், படிக்கும் காலத்தில் காப்பீட்டுத் தொகைக்கு இணையான வாரப்படி. 50 வயது தாண்டியவர் குறைந்த சம்பள வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் 65 சதவீதத்தை அப்போது அரசே ஏற்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாரப்படியை நம்பி வாழும் குடும்பம் மீதி 35 சதவீதத்தை எங்கிருந்து கட்டும்? பள்ளிப் படிப்பையே முடிக்காமல் பதின்ம வயதில் தறிக்குப் போனவர்கள் அந்த ஆலையில் ஏராளம். ஐம்பது வயதில் அவர்கள் முதலில் உட்கார்ந்தது பள்ளிச் சான்றிதழுக்கான பாடத்தில்.

'எதனால்' என்ற கேள்வியின் விசித்திரம் இந்தியாவைத் தொட்ட ஒரு வழக்கில் நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷனின் மென்பொருள் வேலை இந்தியாவுக்கு மாறியபோது, வேலை போனவர்கள் மனுப் போட்டார்கள். மென்பொருள் ஒரு பொருளே அல்ல என்று தொழிலாளர் துறை தள்ளிவிட்டது. அவர்கள் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனார்கள். கையால் தொட முடியாததும் பொருள்தான் என்று 2006-ல் துறை இறங்கி வந்தது. சேவைத் துறையினரையும், எந்த நாட்டுக்கு வேலை மாறினாலும் பாதிக்கப்பட்டவரையும் சட்டம் சேர்த்துக்கொண்டது 2009-ல்.

இதனால் பலன் உண்டா? 2012-ல் வந்த மேத்தமெட்டிகா என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை, உதவி பெற்றவர்கள் நான்கு ஆண்டு கழித்தும் மற்றவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்றது. அவர்கள் வகுப்பில் இருந்தபோது மற்றவர்கள் கிடைத்த வேலையில் சேர்ந்திருந்தார்கள். 2018-ல் பொருளியலாளர் பெஞ்சமின் ஹைமன் வேறு வழியில் பார்த்தார்: மனுக்களை விசாரிக்கும் அதிகாரிகளில் சிலர் தாராளம், சிலர் கறார், யாரிடம் மனு போகிறது என்பது ஏறக்குறைய அதிர்ஷ்டம். அதை வைத்து ஒப்பிட்டால், சான்று பெற்றவர்கள் பத்து ஆண்டுகளில் சுமார் 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள். எனக்கு ஹைமனின் கணக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் ஒருவருடைய பத்து ஆண்டு வருமானம் மேசைக்குப் பின்னால் இருப்பவரின் சுபாவத்தைப் பொறுத்தது என்பதும் அதே கணக்கில்தான் தெரிகிறது.

2022 ஜூலை 1 முதல் அந்த மேசையிலும் வேலை நின்றது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திட்டத்தைப் புதுப்பிக்காததால் காலக்கெடு முடிந்துபோனது. ஏற்கெனவே சான்று பெற்று, அந்தக் கெடுவுக்குள் வேலையிழந்தவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு வேறு நாட்டுக்கு மாறிய ஆலையின் மூன்று தொழிலாளர்கள் கையெழுத்திட்டு அனுப்பினாலும், எதனால் வேலை போனது என்று விசாரிக்கத் துறைக்கு அதிகாரம் இல்லாமல் போனது.