இயந்திரத்துக்கு மானியம் உண்டு, ஜிக் செய்யப் பாடம் எங்கே?

ஒரு சிறிய மரப் பட்டறைக்கு ஆறு நாற்காலிகளுக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்கால்கள் நேரானவை, அவற்றால் தொல்லையில்லை. பின்கால்தான் முதுகுச் சாய்மானத்துக்காக வளைந்து மேலேறும். அப்படி 12 கால்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் வேண்டும். பென்சிலால் கோடு போட்டு, பேண்ட்சா எனப்படும் பட்டை ரம்பத்தில் கோட்டை ஒட்டி அறுத்து, பிறகு ஒவ்வொன்றையும் இழைத்துச் சரிசெய்வார்கள். கை பழகிய ஆசாரிக்கு அது முடியாத காரியமல்ல. ஆனால் இரண்டு கால்களுக்கிடையே ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, வித்தியாசம் வந்தாலும் குறுக்குச் சட்டம் சரியாக உட்காராது. தட்டி உட்கார வைத்தால் நாற்காலி கோணிக்கொள்ளும். இந்தச் சரிக்கட்டலுக்குப் போகும் நேரத்துக்கு எந்த வாடிக்கையாளரும் கூலி தருவதில்லை.

இதைத் தீர்க்கும் பொருளைக் கடையில் தேட வேண்டியதில்லை. பட்டறை மூலையில் கிடக்கும் பிளைவுட் துண்டிலிருந்தே அதைச் செய்துகொள்ளலாம். ஜிக் என்று சொல்லப்படும் இந்த வழிகாட்டிச் சாதனங்களை வடிவமைப்பதும் செய்வதும் தச்சுக் கல்வியின் நடுவில் இருக்க வேண்டிய பாடம். கைவினைஞர்களுக்காக அரசுகள் கடனும் மானியமும் கொடுக்கும் இந்தக் காலத்தில் அந்தப் பாடத்துக்கு உரிய இடம் கிடைத்தாக வேண்டும்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். முதலில் காலின் வடிவத்தை 12 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இதுதான் அச்சு. இதன் ஓரத்தில் சிறு பள்ளம் இருந்தால் 12 கால்களிலும் அதே பள்ளம் விழும். ஆகவே நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இது. அடுத்தது வழிகாட்டிக் கை. ஒரு பிளைவுட் பட்டையின் ஒரு முனையை அரைவட்டமாக உருட்டி, அந்த முனையில் ரம்பப் பட்டை உட்காரும் அளவுக்கு ஒரு காடி எடுக்க வேண்டும். மறுமுனையை ஒரு மரக்கட்டையின் மேல் திருகி, அந்தக் கட்டையை பேண்ட்சா மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். கட்டையின் உயரம் அறுக்கப்போகும் மரத்தின் கனத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும்.

இப்போது மரத்தின் மேல் அச்சை டபுள்சைடு டேப்பாலோ சிறு ஆணிகளாலோ பிடிக்க வைத்து, அச்சின் ஓரம் கையின் முனையை உரசியபடியே போகுமாறு தள்ளினால் போதும். மேலே அச்சு கையைத் தொட்டுக்கொண்டு நகரும். கீழே மரம் அறுபடும். கழிவுத் துண்டு கைக்கு அடியில் நழுவி வெளியேறும். கண் கோட்டைத் துரத்த வேண்டிய அவசியமே இல்லை.

இதன் நுட்பம் அந்தக் காடியின் ஆழத்தில் இருக்கிறது. ரம்பப் பட்டை கையின் முனையிலிருந்து அரை நூல் உள்வாங்கி நிற்க வேண்டும். அப்போது அறுபட்ட மரம் அச்சைவிட எல்லாப் பக்கமும் அரை நூல், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், கூடுதலாக வரும். பேரிங் வைத்த பிட்டைப் பூட்டிய ரூட்டர் அந்த அரை நூலைச் சீவி அச்சோடு சமமாக்கிவிடும். முதலிலேயே அச்சோடு ஒட்டி அறுத்துவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் பேண்ட்சாவின் பல் தடம் மரத்தில் பதியும். பட்டை கொஞ்சம் விலகினாலும் மரம் குறைந்துபோகும், குறைந்ததைக் கூட்ட வழியில்லை. மாறாக, தாராளமாக நான்கைந்து நூல் விட்டு அறுத்தால் அவ்வளவையும் ரூட்டர் தின்ன வேண்டியிருக்கும். வளைவில் மர இழை எதிர்த்து நிற்கும் இடத்தில் பிட் மரத்தைக் கவ்வும், சிலாம்பு பெயரும், சில நேரம் துண்டே கையை விட்டுப் பறக்கும். அந்த அரை நூல் வேலையின் நேர்த்திக்கு மட்டுமல்ல, விரல்களுக்கும் காவல்.

கைமுனையின் உருட்டு, அச்சில் உள்ள மிகக் குறுகிய உள்வளைவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முனை அந்த வளைவுக்குள் போகாது. ரம்பப் பட்டையின் அகலமும் அதுபோலத்தான். 2 நூல் அகலப் பட்டை சுமார் 16 மில்லிமீட்டர் ஆரம் வரை வளையும். 4 நூல் பட்டைக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும். நாற்காலிக் காலின் மெதுவான வளைவுக்கு அகலப் பட்டையே நல்லது, அது அலையாமல் ஓடும். கழிவு அதிகமிருந்தால் முன்பே தோராயமாக அறுத்துக் குறைத்துவிட வேண்டும், கட்டையில் போய் முட்டக் கூடாது.

பேண்ட்சாவின் பற்கள் மரத்தை மேசையை நோக்கிக் கீழே அழுத்துகின்றன. வட்ட ரம்பத்தைப் போல அது மரத்தைத் தூக்கி ஆளின் மேல் எறிவதில்லை. அறுவையின் பெரும்பகுதியை பேண்ட்சாவிடமும் சிறு மிச்சத்தை ரூட்டரிடமும் விடுவது அதனால்தான் சரியான பங்கீடு. இது தெரியாமலே இரண்டு இயந்திரங்களையும் வாங்கி வைத்திருக்கும் பட்டறையில் ஆபத்து இரட்டிப்பாகிறது.

இயந்திரமும் அறிவும் ஒன்றாக வருவதில்லை என்பதை பேண்ட்சாவின் வரலாறே காட்டும். லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி 1809-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கருவி வந்தும் பயன் வரவில்லை. பட்டையின் இரு முனைகளை இணைத்த இடம் ஓட்டத்தில் அறுந்துகொண்டே இருந்தது. பிரான்ஸில் கிரெபின் என்ற பெண் 1846-ல் இணைப்புக்கு நல்ல வழி கண்டு காப்புரிமை பெற, பாரிஸின் பெரின் நிறுவனம் அதை வாங்கிய பிறகே பேண்ட்சா பட்டறைகளுக்குள் நுழைந்தது.

ஜிக் பழகினால் கைத்திறன் அழியும் என்று மூத்த ஆசாரிகள் சிலர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் மார்க் பிரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லி செய்துகொடுத்த இயந்திரங்கள் 1808-ல் ஓர் ஆண்டில் 1,30,000 கப்பிகளைச் செய்து தள்ளின. 110 தேர்ந்த தொழிலாளர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள், அவர்களுக்குப் பெரிய பயிற்சியும் தேவைப்படவில்லை. அங்கே திறமை தொழிலாளியின் கையிலிருந்து இயந்திரத்துக்கும் அதன் உடைமையாளருக்கும் போனது. சிறு பட்டறையின் கதை வேறு. அங்கே ஜிக்கை யோசிப்பவரும் செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே. வடிவத்தைப் பகுத்துப் பார்த்து, எந்தப் பக்கம் முதலில் அறுப்பது, எங்கே அரை நூல் விடுவது என்று தீர்மானிக்கும் அறிவு அவரிடமே தங்குகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த சாம் மலூஃப் (1916-2009) இதற்குச் சிறந்த சாட்சி. ஆடும் நாற்காலிகளுக்குப் பேர்போன அந்தத் தச்சர் மரத்தை வெறும் கையால் பிடித்து பேண்ட்சாவில் முப்பரிமாணமாகச் செதுக்கும் அளவுக்குக் கைத்திறன் உள்ளவர். மற்றவர்கள் அதைச் செய்யக் கூடாது என்று எச்சரிக்கவும் செய்தார். அப்படிப்பட்டவரின் பட்டறை நிறைய அச்சுப் பலகைகள் இருந்தன. 1985-ல் மெக்ஆர்தர் நல்கை பெற்ற ஒரு கலைஞருக்கு அச்சு இழுக்காகத் தோன்றவில்லை.

கணினி இயக்கும் சிஎன்சி வெட்டு இயந்திரம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் எழும். நிலைக்கதவுப் பூவேலைக்கும் நூற்றுக்கணக்கில் வரும் ஆர்டருக்கும் சிஎன்சிதான் சரி. ஆறு நாற்காலிக்காக மரத்தை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய், வரைபடம் போடவும் வெட்டவும் காசு கொடுத்துக் காத்திருப்பதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. கிளாம்ப் கையில் இருந்தால் ஜிக்குக்குத் துண்டுப் பலகையும் நான்கு திருகும் போதும். அச்சை ஆணியில் மாட்டி வைத்தால் அடுத்த ஆண்டு அதே நாற்காலி கேட்டு வருபவருக்கும் உதவும்.

மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியது. தச்சர் உட்பட 18 தொழில்கள் அதில் உண்டு, கருவி வாங்க 15,000 ரூபாய் தருகிறது. தமிழ்நாட்டின் கலைஞர் கைவினைத் திட்டம் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 50,000 ரூபாய் வரை மானியமும் தருகிறது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் வாங்கிய கருவியிலிருந்து முழு வேலையை வாங்கும் வித்தை பணத்தோடு சேர்ந்து வந்துவிடாது. விஸ்வகர்மாவின் அடிப்படைப் பயிற்சியே 5 முதல் 7 நாள்தான். தச்சர்களுக்கு அதில் ஒரு முழு நாளை ஜிக் செய்வதற்கென்றே ஒதுக்கலாம். பயிற்சியாளராக ஊரிலேயே நல்ல ஜிக்குகள் வைத்திருக்கும் ஒரு மூத்த ஆசாரியை மதிப்பூதியம் கொடுத்து அழைக்கலாம். அவர் மாட்டி வைத்திருக்கும் அச்சுகளை அளவெடுத்து, படம் வரைந்து, மாவட்டத்துக்கு ஒரு தொகுப்பாக வைத்தால் அடுத்த தலைமுறைக்கும் அவை கிடைக்கும்.

ஐடிஐ தச்சுப் பிரிவின் செய்முறைத் தேர்வையும் இதற்கேற்ப மாற்றலாம். ஒரு துண்டு பிளைவுட், ஒரு எம்டிஎஃப் பலகை, நான்கு மரத்துண்டுகள் கொடுத்து, ஜிக்கை மாணவரே செய்து நான்கு வளைந்த கால்களை வெட்டித் தரச் சொல்ல வேண்டும். நான்கையும் அடுக்கி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து தேர்வாளர் பாதி மதிப்பெண்ணைப் போடலாம். மீதிப் பாதி அந்த ஜிக்குக்கு.