டூரில் ஒரு நாளாவது உட்காருங்கள்!

தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், இருமல், சிறுநீர், மலம் என்று உடம்பு தானாகக் கேட்கிற பதினான்கு வேகங்களைச் சித்த மருத்துவம் கணக்குச் சொல்கிறது. இவற்றை அடக்கினால் நோய் வரும். பாளையங்கோட்டையில் படித்த நாளிலிருந்து மனப்பாடம். வைத்தியசாலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சலிக்காமல் சொல்வதும் இதைத்தான்.

அப்படிப்பட்ட நான், 2024 மே மாசம் ஜப்பானில் ஒரு ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு எழுபத்தி நாலு வயசு அம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அடக்கிக்கோம்மா... ரயில் வந்துடும்!"

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகளும் மாப்பிள்ளையும் டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் இருக்கிறார்கள். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற இடம். பள்ளி விடுமுறையில் நான், மனைவி, அம்மா, சின்னவன் நால்வரும் போனோம். இவ்வளவு செலவு செய்து போகிறோமே, ஒன்றையும் விடக் கூடாது என்று நானே உட்கார்ந்து பட்டியல் போட்டேன். முதல் நாள் அசகுசா கோயில், டோக்கியோ டவர், ஷிபுயா. இரண்டாம் நாள் ஃபூஜி மலைப் பக்கம். மூன்றாம் நாள் ஷிங்கன்சென் ரயிலில் இரண்டே கால் மணி நேரத்தில் கியோட்டோ. போன வேகத்தில் பொற்கோயில், கியோமிசு. நாலாம் நாள் காலையில் நாரா, அங்கே பெரிய புத்தரையும் மான்களையும் பார்த்துவிட்டு, மத்தியானம் ஃபுஷிமி இனாரி.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. முதல் நாளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் தேட வேண்டும், தேடினால் பிள்ளைக்கு ரயில் தவறும், அதனால் குடிக்கவே வேண்டாம்! நான் கொடுத்த பாட்டிலை வாங்கி உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நான்கு நாளும் இதே கதை. ஜப்பானில் ரயில் நிலையக் கழிப்பறைகள் நம் வீட்டை விடச் சுத்தம். பல இடங்களில் உட்காரும் பலகைகூட இளஞ்சூடாக இருக்கும். அவள் பயந்தது கழிப்பறைக்கு அல்ல, என் கைக்கடிகாரத்துக்கு.

ஃபுஷிமி இனாரியில் செந்நிறத் தோரண வாயில்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக மலை மேலே போகின்றன. மலை ஒன்றும் பெரிசில்லை, 233 மீட்டர்தான். கால்வாசி ஏறியிருப்போம். அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை நடுக்கம், முகம் வெளுப்பு. "ஒண்ணுமில்லடா, நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்கிறாள். ராத்திரி குளிர் காய்ச்சல்.

மறுநாள் காலை அங்கிருந்த கிளினிக்கில் பார்த்தோம். சிறுநீர்ப் பாதையில் தொற்று, உடம்பில் நீர் குறைவு. நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கிக் கொடுத்தேன். சித்தமா ஆங்கிலமா என்று தர்க்கம் பண்ணுகிற நேரமா அது? சர்க்கரை உள்ள வயசானவருக்குச் சிறுநீர்த் தொற்று என்றால் தாமதிக்கவே கூடாது. சீரகத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சொல்பவர் வைத்தியராகவே இருந்தாலும்!

டோக்கியோ திரும்பினோம். மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "மாமா, பாட்டிக்குக் குணமாகிற வரைக்கும் எங்கேயும் போக வேண்டாம். அப்புறம் ஒரு நாள் சுமோ பார்க்கலாம். டிக்கெட் முன்னாடியே எடுத்து வெச்சிருக்கேன்." உடனே என் மனசு என்ன கணக்குப் போட்டது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஒரே இடத்திலா? நிக்கோ போய்விட்டு வந்துவிடலாமே!

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு, நடமாட்டம் வந்து, மருத்துவர் சொன்ன மாத்திரைகளும் முடிந்த பிறகு போனோம்.

சுமோவின் பெரிய போட்டிகள் வருஷத்துக்கு ஆறு. ஒற்றைப்படை மாசங்களில், ஒவ்வொன்றும் பதினைந்து நாள். ஜனவரி, மே, செப்டம்பர் டோக்கியோவில். மார்ச் ஒசாகா, ஜூலை நகோயா, நவம்பர் ஃபுகுவோகா. நம் பள்ளி விடுமுறைக்கு மே மாசப் போட்டி சரியாகப் பொருந்தும். டோக்கியோவில் நடப்பது ரியோகோகு கொகுகிகான் என்கிற அரங்கத்தில். 1985-இல் திறந்தது, பதினோராயிரம் பேர் வரை உட்காரலாம். கீழே நாலு பேர் சம்மணமிட்டு உட்காரும் சின்னச் சின்னக் கட்டங்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு அது சரிவராது, மாடியில் நாற்காலி இருக்கைகள் உண்டு. நாங்கள் மாடி.

காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் கற்றுக்குட்டிகள், பெரிய வீரர்கள் வருவது மாலை நாலு மணி சுமாருக்கு. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்குப் போனபோது பாதி இருக்கைகள் காலி. எடைப் பிரிவு கிடையாது என்பதால் மலை போல ஒருத்தனும் ஒல்லியான ஒருத்தனும் மோதுகிறார்கள். "ஐயோ, எலும்பும் தோலுமா இருக்கானே, இவனைப் போய் அந்தத் தடியன்கிட்ட விடறாங்களே!" என்று அம்மா எழுந்தே விட்டாள். எத்தனை நாளாயிற்று அவள் குரல் உயர்ந்து!

மண் மேடையில் நாலரை மீட்டர் வட்டம். வட்டத்துக்கு வெளியே காலோ, உள்ளே பாதம் தவிர வேறெதுவோ தரையில் பட்டால் தோல்வி. சின்னக் குழந்தைக்கும் புரிந்துவிடும். மேல் பிரிவு வீரர்கள் உப்பு வீசுகிறார்கள், காலைத் தூக்கி மிதிக்கிறார்கள், குந்தி உட்கார்ந்து முறைக்கிறார்கள், எழுந்து போய் மறுபடி உப்பு. இந்த ஆயத்தத்துக்கு நாலு நிமிஷம் வரை அனுமதி. மோதலோ பெரும்பாலும் பத்து வினாடிகூடத் தாங்காது! அந்த நாலு நிமிஷத்தில் அம்மா தண்ணீர் குடித்தாள், பக்கத்துப் பெண்மணியைப் பார்த்துச் சிரித்தாள், இரண்டு தரம் என் மனைவியோடு நடைபாதையில் உலாவிவிட்டு, போக வேண்டிய இடத்துக்கும் போய் வந்தாள். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

சரி, வைத்தியன் கண் சும்மா இருக்குமா? அந்த உடம்பை எப்படி வளர்க்கிறார்கள் என்று மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி. முற்பகல் முடியும்போது 'சாங்கோ' என்கிற காய்கறி, மீன், இறைச்சி எல்லாம் போட்ட கொதிகலவையும் சோறும் வயிறு முட்ட. உடனே தூக்கம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை டிபனைத் தவிர்த்துவிட்டு, மத்தியானம் சோற்றைக் குவித்து, மின்விசிறி போட்டுப் படுக்கிற நம் வீட்டு மனிதர்கள் எத்தனை பேர்! பயிற்சி ஒன்றைத் தவிர மீதி எல்லாம் சுமோதான். ஆனால் குந்தி உட்காருவதை அவர்களிடம் பார்த்துக் கொஞ்சம் பொறாமை. நூற்றைம்பது கிலோ ஆள் குதிகாலை உயர்த்தி, முதுகு வளையாமல் குந்துகிறான். நம் வீட்டில் முப்பது வயசுக்காரருக்கு முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. (இதைப் படித்துவிட்டு நாளைக்கே குந்தாதீர்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம்.)

"உட்காருவதற்கா இவ்வளவு பணம் கொடுத்துப் போவது?" என்று கேட்பீர்கள். என் சின்னவனும் கேட்டான். பொற்கோயிலில் கூட்டம் தள்ள நகர்ந்து, போட்டோ எடுத்து, வெளியே வந்தோம். அங்கே நான் பார்த்த ஜப்பானியர்களின் முதுகுகள்தான் நினைவில் இருக்கின்றன. அரங்கத்தில் அவர்களோடு ஐந்தரை மணி நேரம் இருந்தேன். பேசாமல் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்ட கிழத் தம்பதி, தங்கள் ஊர்ப் பையன் மேடை ஏறியதும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒரு நாட்டு ஜனங்களை அவர்கள் சந்தோஷமாக இருக்கும்போது பார்க்க, இதைவிட வேறு இடம் எது?

சுமோ இல்லாத மாசம் என்றால் பேஸ்பால் இருக்கிறது. ஆகஸ்டில் கோஷியென் மைதானத்தில் பள்ளி மாணவர் போட்டி. 1924-இல் திறந்த மைதானம். தோற்ற பையன்கள் அந்த மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அழுதபடி போவார்கள். ஆனால் ஜப்பானின் ஆகஸ்ட் வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆடுகிற பிள்ளைகளுக்கே 2023-இலிருந்து ஐந்தாவது சுற்று முடிந்ததும் பத்து நிமிஷம் குளிர்ச்சி இடைவேளை விடுகிறார்கள். 2024-இல் முதல் மூன்று நாள் ஆட்டங்களை, உச்சி வெயிலைத் தவிர்த்து, காலை மாலை என்று பிரித்தே விட்டார்கள். பயிற்சி பெற்ற பதினேழு வயசுக்கு இந்தக் கவனம் என்றால், தாத்தா பாட்டியை நடுப்பகலில் கோயில் படி ஏற்றலாமா?

செலவில்லாததும் ஒன்று உண்டு. காலை ஆறரை மணிக்கு வானொலியில் உடற்பயிற்சி இசை, 1928-இல் தொடங்கியது. மகள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் வயசானவர்கள் சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கை காலை வீசுகிறார்கள். கடைசி நான்கு நாளும் அம்மா புடவையோடு அந்த வரிசையில் நின்றாள்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மருந்துகளை உறையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். சொந்த உபயோகத்துக்கு ஒரு மாச அளவு வரை சாதாரணமாக அனுமதி, அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாகப் போடுகிற சில மாத்திரைகளுக்கு அங்கே தடையே உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை 'டூர் முடியட்டும்' என்று நிறுத்தாதீர்கள். சைவர்களுக்கு இன்னொன்று: காய்கறி சூப், நூடுல்ஸ் என்று பார்க்கச் சைவமாக இருந்தாலும் அடிச்சாறு பெரும்பாலும் மீனில்தான்.

அந்த மே மாசப் போட்டியைக் கடைசியில் ஜெயித்தது ஓனோசாட்டோ. 23 வயசு, தொழில்முறைக்கு வந்து ஒரே வருஷம். நாங்கள் போன அன்றைக்கு அவன் ஆட்டத்தையும் பார்த்தோம். 2025 மே மாசம் அவனுக்கு யோகோசுனா என்கிற உச்சப் பட்டம் கிடைத்ததும் மாப்பிள்ளை போன் பண்ணினார். "நான் அன்னிக்கே சொன்னேனே!" என்றாள் அம்மா. சொல்லவே இல்லை. அன்று முழுக்க அவள் கவலை எல்லாம் அந்த ஒல்லிப் பையனைப் பற்றித்தான்.