பாராடங் செல்லும் வழி

அந்தமானுக்குச் செல்வோர்க்கென எழுதப்படும் பரிந்துரைப் பட்டியல்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. செல்லுலார் சிறை, ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை, நீல் தீவின் பவளப்பாறைகள்; அடுத்துத் தவறாமல் பாராடங். விடியலுக்கு முன்பே போர்ட் பிளேரிலிருந்து புறப்பட வேண்டும். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வாகன வரிசையில் சேர வேண்டும். காட்டைக் கடந்து மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகேற வேண்டும். அலையாத்திக் காட்டின் ஊடே விசைப்படகில் சென்று சுண்ணாம்புக் குகையைக் காண வேண்டும். இத்தனை நுணுக்கமாக வழி சொல்லும் பட்டியல்கள், அந்த வழி யாருடைய வாழ்விடத்தைப் பிளந்து செல்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. சொல்கின்ற சிலவும், அதிர்ஷ்டம் இருந்தால் ஜாரவாக்களையும் காணலாம் என்று ஆசை காட்டவே சொல்கின்றன.

அந்தக் காடு ஜாரவாக்களின் காப்பகம். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அங்கே அயலார் நுழைவதைத் தடுக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி அம்மக்கள் நானூறு பேர்கூட இல்லை. 1970களில் அந்தமான் டிரங்க் ரோடு போடப்பட்டபோது அவர்கள் வில்லும் அம்பும் கொண்டு எதிர்த்தார்கள். 1997இன் பிற்பகுதியிலிருந்தே பகையின்றி வெளியே வரத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1999இல், தட்டம்மை அவர்களிடையே பரவியது. சாலை என்ன கொண்டுவரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சட்டம் மௌனமாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, காப்பகத்தின் ஊடே செல்லும் சாலைப்பகுதியை மூடுமாறு 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. பத்தாண்டுகள் கழித்து, ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் செய்த காணொளி வெளியாகி நாடே தலைகுனிந்தது. 2013 ஜனவரியில் அச்சாலையில் சுற்றுலாப் பயணிகள் செல்வதை நீதிமன்றம் இடைக்காலமாகத் தடுத்தது. இடையகப் பகுதி பற்றிய அறிவிக்கையை நிர்வாகம் மாற்றியெழுதியதும் மார்ச்சில் தடை நீங்கியது. வாகன வரிசை மீண்டும் நகர்ந்தது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவை மூன்று. வடக்கு, நடு அந்தமான் மக்களுக்கு மருத்துவத்துக்கும் கல்விக்கும் சாலை வேண்டும் என்பது முதலாவது. அது தனியே விவாதிக்கத் தக்க, உண்மையான தேவை. ஆனால் நோயாளியின் அவசரத்தைக் குகை பார்க்கச் செல்பவர் தமக்குக் கேடயமாக்கிக் கொள்வது நேர்மையன்று. வண்டியை நிறுத்துவதில்லை, படம் எடுப்பதில்லை, விதிகள் உள்ளன என்பது இரண்டாவது. அவ்விதிகளை மீறியதன் விளைவே அந்தக் காணொளி. ஒருவரும் மீறாவிட்டாலும், தம் காட்டில் வேட்டைக்குச் செல்லும் ஒருவர் நாள்தோறும் அயலார் வண்டிகளுக்கு ஒதுங்கி நிற்க நேர்வது மாறுவதில்லை. பாராடங் படகோட்டிகளின் பிழைப்பு என்னாகும் என்பது மூன்றாவது. பாராடங் தீவு, தீவுக்குக் கடல்வழி உண்டு. பயணிகளைக் கடல்வழியே கொண்டுவந்தால் படகோட்டியின் பிழைப்பும் கெடாது, காடும் கெடாது. கேட்கப்படுவது குகையைக் கைவிடுவதன்று, சாலையைக் கைவிடுவதே.

தொடர்பு எதில் முடியும் என்பதற்கு முன்னுதாரணம் அதே தீவுகளில் இருக்கிறது. 1858இல் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரு அந்தமானியர், தட்டம்மையாலும் மேகநோயாலும் அழிந்து சில பத்துப் பேராகச் சுருங்கினர். 2010 ஜனவரியில் போவா சீனியர் மறைந்தபோது அவரோடு ஒரு மொழியே மறைந்தது. கருத்தரங்குகளில் மொழி மரணம் குறித்து உருக்கமாகப் பேசும் அறிவுலகம், கல்விச் சுற்றுலாவென்று மாணவர்களை ஜிர்காடாங் வரிசையில் நிறுத்துமானால், அந்த உருக்கத்துக்கு என்ன பொருள்?

பரிந்துரைப்பதற்கு வேறு இடங்களுக்குப் பஞ்சமில்லை. சிடியா டாப்புவின் கரையோரக் காடு இருக்கிறது. வண்டூரின் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. 2004 நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, கடல்நீர் புகுந்து, வயல்கள் சதுப்பாகிப் பறவைகளின் இடமாகிவிட்ட சிப்பிகாட் இருக்கிறது. நிலவியலும் சூழலியலும் பயிலும் மாணவருக்கு அதைவிடச் சிறந்த பாடம் அரிது. இவற்றுள் எதற்கும் ஜாரவாக் காப்பகத்தைக் கடக்க வேண்டியதில்லை.

பரிந்துரை வெறும் தகவலன்று. எழுதியவர் உள்ளே செல்லத் தரும் இசைவு அது. அந்தக் காட்டுக்குள் செல்ல இசைவு தரும் உரிமை ஜாரவாக்களுக்கு மட்டுமே உண்டு. அவர்களை எந்தப் பட்டியலும் கேட்டதில்லை.